முந்நூறு அண்ணாச்சி

உலகத்தில் இதுவரை முனைவர் பட்டம் வாங்கியவர்களில், ஆய்வேட்டில் எழுதிய ஊருக்குப் போய், எழுதிய ஆளைப் பார்த்து, எழுதிய கேள்வியை வாயைத் திறந்து கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரை எங்களுக்கு முந்நூறு அண்ணாச்சி என்றுதான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சான்றிதழில் இருந்திருக்கும். அதை எடுத்துப் படித்துப் பார்க்கிற அளவுக்கு எங்களில் யாருக்கும் ஆராய்ச்சி மனப்பான்மை கிடையாது.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்றின் மாடி அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் ஒரே கல்லூரியில், ஒரே நெறியாளரிடம், வணிகவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். செய்துகொண்டிருந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் எழுந்ததும் தும்முவோம். கீழே மூட்டையைப் பிரிக்கும்போது ஒரு சுற்று, லாரியில் ஏற்றும்போது ஒரு சுற்று. சித்திரை மாதத்தில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிறவன் திரும்பி வரும்போது ஆடிக்கொண்டுதான் வருவான். தரை அப்படிக் கொதிக்கும்.

மிச்ச நேரமெல்லாம் நெறியாளர் வீட்டு வேலை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது, கரண்ட் பில் வரிசையில் நிற்பது, அவர் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறுவது. யார் சாம்பார் வாளியோடு எவ்வளவு வேகமாக ஓடுகிறானோ, அதை வைத்துத்தான் அடுத்த முனைவர் யார் என்று நாங்கள் கணிப்போம். அண்ணாச்சி ரசத்தையே கீழே ஊற்றுகிற ஆள்.

எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சித் தலைப்புக்குப் பஞ்சமே கிடையாது. பட்டாசுத் தொழிலாளர்களின் பணித் திருப்தி என்று ஒருவர் பட்டம் வாங்கிவிட்டால், பட்டாசு இருந்த இடத்தில் தீப்பெட்டி என்று போட்டு அடுத்தவர் வாங்குவார். மூன்றாமவர் நடுவில் 'பெண்' என்று ஒரு சொல் சேர்ப்பார். நான் தீப்பெட்டி. அண்ணாச்சி பட்டாசு. ஆளுக்கு முந்நூறு தொழிலாளர்களை நேரில் பார்த்து, எண்பத்து நாலு கேள்வி கேட்டு, படிவம் நிரப்பிக்கொண்டு வரவேண்டும் என்பது நெறியாளர் உத்தரவு.

நானும் மற்ற இருவரும் அந்த முந்நூறு பேரையும் அறையிலேயே பார்த்தோம். எண்ணெய் புரோட்டாப் பொட்டலங்களும் நாலு நிறப் பேனாக்களுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஒருவன் இடது கையால் எழுதினான். இன்னொருவன் படிவங்களைக் கசக்கி, டீக்கறை வைத்து, அங்கங்கே போய்வந்த களையை ஏற்றினான். பெயர்தான் பெரிய தொல்லை. மாரியம்மாள், காளியம்மாள், முத்துலட்சுமி என்று கொஞ்ச தூரம் ஓடியது. அதற்குப் பிறகு என் அத்தைமார், சித்திமார் எல்லாரையும் தீப்பெட்டி வேலைக்கு அனுப்பினேன். எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த தலைமையாசிரியை அம்மாள்கூட என் ஆய்வேட்டில் குச்சி அடுக்குகிறார், 'மிகவும் திருப்தி' என்று பதிலும் சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் எதிலும் திருப்திப்பட்டதாக அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாருக்கும் நாங்கள் திருப்திதான் போட்டோம். அதிருப்தி என்று போட்டால் ஏன் என்று தனியாக ஒரு அத்தியாயம் எழுத வேண்டும்.

அன்றைக்கு அண்ணாச்சி பேனாவை எடுக்கவில்லை. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஒழுக்கம் பேசப் போகிறாரோ என்று பயந்தோம். அதுவும் இல்லை. "என் கையெழுத்து கோழி கிண்டுனது மாதிரி இருக்கும்லே. எந்தக் கலர்ல எழுதுனாலும் தெரிஞ்சிரும்" என்றார். மறுநாள் காலையில் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய பழைய மொபெட்டை மிதித்து உயிர்கொடுத்து, வெம்பக்கோட்டைப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தவரின் பத்து விரலிலும் பசை. படிவம் பதினோராவது கேள்வியோடு நின்றிருந்தது.

நடந்தது இதுதான். அந்த ஊர்களில் பெண்கள் வெடிக்கான காகிதக் குழாய்களை வீட்டிலேயே கம்பியில் சுற்றி ஒட்டி, கம்பெனிக்குக் கொடுப்பார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. அதுவும் தீபாவளிக்கு முந்திய சீசன். அண்ணாச்சி போய் நின்ற முதல் வீடு பேச்சியம்மாள் அக்காவுடையது. எண்பத்து நாலு கேள்வி என்றதும் அந்த அக்கா தன் பக்கத்தில் இருந்த காகிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"நீ கேளு தம்பி, நான் பதில் சொல்லுதேன். ஆனா எனக்குப் போற நேரத்துக்கு ஆரு கூலி குடுப்பா? இங்கன உக்காந்து குழாயைச் சுத்திக்கிட்டே கேளு."

அண்ணாச்சிக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. எங்களுக்கெல்லாம் பட்டிருக்காது. சுற்றிக்கொண்டே, பணியிடத்துப் பொழுதுபோக்கு வசதிகள் குறித்துத் தங்கள் கருத்து யாது என்று வாசித்திருக்கிறார். நெறியாளர் எங்கிருந்தோ மொழிபெயர்த்த கேள்வி அது. அக்கா சுற்றுவதை நிறுத்தாமலே, இப்படி யாராவது வந்து எதையாவது கேட்கிறதுதான் பொழுதுபோக்கு என்று எழுதிக்கொள்ளச் சொன்னாராம். அதை அப்படியே எழுதிக்கொண்டும் வந்துவிட்டார்.

பன்னிரண்டாவது கேள்வியைக் கேட்க மறுநாள் போனால், அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி சுற்றியது எல்லாம் கம்பெனியிலிருந்து திரும்பி வந்திருந்தது. சுற்று தளர்ச்சியாம். மருந்தை அடைத்தாலும் வெடிக்காது, எங்கள் ஆய்வுகளைப் போல் புஸ்ஸென்று போய்விடும். அன்று பூராவும் அண்ணாச்சி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெடுத்ததையெல்லாம் பிரித்து மறுபடி சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படி முதல் படிவம் நிரம்ப நாலு நாள் ஆனது. எப்போது அண்ணாச்சி பட்டம் என்றால், "முந்நூறு முடியட்டும்லே" என்பார். கல்யாணம் எப்போது என்றால் முந்நூறு முடியட்டும். முடி வெட்டிக்கொள்ளலாமே என்றாலும் முந்நூறு முடியட்டும். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

ஒரு வருடத்தில் அவருடைய ஆராய்ச்சி வளர்ந்ததோ இல்லையோ, கை வளர்ந்துவிட்டது. பார்க்காமலே சுற்றுவார். பேசும்போது சுற்றுவார். பேப்பர், பஸ் டிக்கெட், கல்லூரிச் சுற்றறிக்கை எது கையில் கிடைத்தாலும் பென்சிலை உள்ளே கொடுத்து ஒரு உருட்டு உருட்டி வைத்துவிடுவார். என் மூன்றாவது அத்தியாயத்தைத் தேடினால் அது ஜன்னலோரத்தில் குழாய் குழாயாக அடுக்கியிருக்கும். நெறியாளர் எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தையும் அவர் முன்னாலேயே சுற்றியிருக்கிறார். நெறியாளர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

இதற்குள் எனக்குப் பட்டம் வந்துவிட்டது. படிவங்களைக் கணக்குப் போட்டு அட்டவணை தயாரிக்க மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடைக்காரர் படிவக் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை, உங்களுக்கு என்ன முடிவு சார் வேணும் என்றுதான் கேட்டார். திருப்தி என்றேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கொடுத்துவிட்டார். அதே கல்லூரியில் எனக்கு வேலையும் கிடைத்தது. அண்ணாச்சி அப்போது இருநூற்றுப் பதினொன்றில் இருந்தார்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. பதிவுக் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம், அதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. ரத்தானால் ஆறு வருட உழைப்பும் வைப்பாற்றுத் தண்ணீர் மாதிரிதான், ஒரு காலத்தில் ஓடியது என்று சொல்லிக்கொள்ளலாம். பட்டத்தை நம்பி வேலை, வேலையை நம்பிக் கல்யாணம் என்று ஊரில் அவருடைய அம்மா வேறு காத்திருந்தார். அன்றுதான் அண்ணாச்சி சாப்பிடாமல் படுத்ததை முதல்முதலாகப் பார்த்தேன்.

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. அவர் வெளியே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பாக்கி எண்பத்தொன்பது படிவங்களையும் நிரப்பி, நூல் போட்டுக் கட்டி அவர் பாயின் மேல் வைத்தோம். வந்தவர் கட்டைப் பிரித்து மேலே இருந்ததைப் படித்தார்.

"இந்த ராமலட்சுமி எந்த ஊருலே?"

ஆனைக்குட்டம் என்றான் ஒருவன். ஆனைக்குட்டத்தில் எந்தத் தெரு, எந்தக் கம்பெனி வேன்ல போகுதாக, எத்தனை பிள்ளைக என்று கேட்டுக்கொண்டே போனார். கிண்டலே இல்லை, நிஜமாகவே ராமலட்சுமியைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். ஆனைக்குட்டம் என்றவன் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான். அப்புறம் சிரித்துவிட்டு, எண்பத்தொன்பதையும் கத்தரித்துக் குழாயாகச் சுற்றி, மறுநாள் பேச்சியம்மாள் அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் படிவங்கள் எங்கேயோ வெடித்திருக்கும். நாங்கள் செய்த ஆராய்ச்சியில் சத்தம் கேட்டது அது ஒன்றுதான்.

குழாய்களை வாங்கிக்கொண்ட அக்கா விஷயத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுவாரத்திலிருந்து அண்ணாச்சி, வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற கம்பெனி வேனில் போய்வர ஆரம்பித்தார். காலையில் போகும்போது இரண்டு பேர், சாயங்காலம் திரும்பும்போது இரண்டு பேர் என்று அக்கா முறை வைத்து ஆள் பிடித்துக் கொடுத்தார். பதில் சொல்லச் சோம்பல்பட்டவர்களை அந்த அக்கா திட்டிய திட்டு எதுவும் எண்பத்து நாலு கேள்விகளில் அடங்காது. கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது அண்ணாச்சி ஆய்வேட்டை ஒப்படைத்தார். கோந்து வாசனை அடித்தது.

ஒரு வருடம் கழித்து வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். அந்த அறிவிப்பில் கடைசி வரி ஒன்று உண்டு. ஆர்வமுள்ள பொதுமக்கள் அனைவரும் கலந்துகொள்ளலாம் என்று இருக்கும். பல்கலைக்கழகம் தோன்றிய நாளிலிருந்து எந்தப் பொதுமகனும் அதை நம்பியது கிடையாது. வருகிறவர்கள் நெறியாளர், வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்ட ஜூனியர் மாணவர்கள், அவ்வளவுதான். அண்ணாச்சி மட்டும் அந்த வரியைப் படித்துவிட்டு, அறிவிப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார்.

தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் பூட்டியிருந்த வாரம் அது. பதினோரு மணிக்குக் கல்லூரி வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. நல்ல சேலையும் கனகாம்பரமுமாக நாற்பது பெண்கள் இறங்கி வந்து, முன்வரிசைகள் காலியாக இருக்கவே அவற்றிலேயே உட்கார்ந்தார்கள். நெறியாளர் முதலில் பார்த்தது சாப்பாட்டுக்குக் கொடுத்திருந்த ஆர்டர் சீட்டைத்தான்.

தேர்வாளர் நல்ல மனிதர். குரலை உயர்த்தாமலே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர். இந்த வட்டாரத்தில் முன்பு செய்த ஆய்வுகள் எல்லாம் தொழிலாளர்கள் திருப்தியாக இருப்பதாகச் சொல்கின்றன, உங்கள் ஆய்வில் மட்டும் கூலி, கழிப்பறை, மருத்துவம் எல்லாவற்றிலும் அதிருப்தி வந்திருக்கிறதே, இந்தத் தகவல்களை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். உதாரணத்துக்கு ஒரு ஆய்வேட்டை எடுத்துக் காட்டினார். என்னுடையது. பின்வரிசையின் ஓரத்தில் நான் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சிக்கு மேடையில் பேச்சு வராது. கையிலிருந்த குறிப்புத் தாளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டம் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் பேச்சியம்மாள் அக்கா எழுந்தார்.

"ஐயா, நாங்க திருப்தின்னு எப்பச் சொன்னோம்? இந்தத் தம்பி எங்க வீட்டுக்கு நாலு நாளு வந்துச்சு. மொத நாளு சுத்துன குழாய் அம்புட்டும் திரும்பி வந்துருச்சு. இப்ப அது கையப் பாருங்க. சும்மா உக்காந்து எழுதுன கையா அது?"

தேர்வாளர் அண்ணாச்சியின் கையைப் பார்த்தார். தாள் முழுதும் சுற்றி முடிந்திருந்தது, இழுத்தாலும் பிரியாத சுற்று. அக்கா விடவில்லை.

"நாங்க சந்தோசமா இருக்கோம்னு எழுதுனவுக ஆரு? இங்கன இருக்காகளா?"

நெறியாளர் கண்ணாலேயே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். நாற்பது பேரும் திரும்பினார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவுகள நாங்க பாத்ததே இல்லையே" என்றார். தேர்வாளரின் கண்ணும் என் மேல் வந்தது. என் முந்நூறு பேரில் ஒருவர் பெயரும் எனக்கு ஞாபகம் வரவில்லை, தலைமையாசிரியை அம்மாளைத் தவிர.

அப்போதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"அக்கா, அவுக ஆய்வு தீப்பெட்டி. அது வேற ஆளுக, வேற ஊரு. நானும் கூடப் போயிருந்தேன்."

அக்கா உட்கார்ந்தார். தேர்வாளர் என் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, அண்ணாச்சிக்குப் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். சாப்பாட்டில் நெறியாளருக்குப் புரோட்டா கிடைக்கவில்லை. பந்தி பரிமாறியது அண்ணாச்சி. அன்றைக்கு ஒரு சொட்டுச் சால்னா கீழே சிந்தவில்லை.

சாயங்காலம் அறையில் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் ஒரு படிவத்துக்குக்கூடப் பொய் எழுதாத மனுஷன், அத்தனை பேர் நடுவில் எனக்காக ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்காக ஒரு ஞாயித்துக்கிழமை பூராம் உக்காந்து எழுதுனீங்கள்லா."

மிளகாய் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தீபாவளிக்குப் பூட்டிய கிட்டங்கியை அன்றைக்கு இன்னும் திறந்திருக்கவில்லை.