மூக்கம்மா அழிக்காத பொட்டு

எனக்கு அறுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது மூன்று. குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் பிள்ளைமடுவத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போன நேரத்தில் பார்த்து வளர்த்தது இருநூறுக்குக் குறையாது. இருபத்தெட்டு வருடத்தில் நான் துடைத்த மூக்கையெல்லாம் கூட்டினாலும், மூன்றே மாதத்தில் ஒருத்தி துடைத்த கணக்குக்கு வராது. அவள்தான் மூக்கம்மா.

அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லப் போனால் எங்கள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். எந்த நாடு என்று கேட்டால் மேகத்தைக் காட்டுவாள். பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தொண்டு செய்ய வந்திருக்கிறாள் என்று எஸ்டேட் மேனேஜர் தொரை சொன்னார். அவள் பெரிய பெட்டியைத் திறந்தபோது பொம்மை வரும், சாக்லேட் வரும் என்று லயத்து வீடுகளில் பாதி எட்டிப் பார்த்தது. உள்ளே இருந்தது முழுக்கக் கைக்குட்டை.

எங்கள் மலையில் ஆறு மாதம் மழை, மிச்ச மாதம் பனி. பிள்ளைகளின் மூக்கு எப்போது காயும்? காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் தாய்மார் பிள்ளையை இறக்கிவிட்டதும், ஒவ்வொரு சட்டையிலும் ஒரு கைக்குட்டையை ஊசியால் குத்துவாள். அவளுக்குத் தெரிந்த தமிழே பத்து வார்த்தைதான். வா, பாப்பா, சோறு, போதும், இப்படி. அதில் அதிகம் உழைத்த வார்த்தை 'சீந்து'.

பிள்ளைகளோடு நின்றாளா? ஒரு நாள் கொழுந்துக் கணக்கு கேட்க வந்த சூப்பர்வைசரின் மூக்கையும் பிடித்துவிட்டாள்.

"ஏனுங்க ஆயாம்மா, இதென்னங்க அநியாயம்! எனக்கு ரெண்டு பேரன் இருக்குதுங்க!" என்று என்னிடம் முறையிட்டார்.

"சீந்து" என்றாள் மூக்கம்மா.

சீந்தினார். வேறு என்ன செய்வார்? அதற்குப் பிறகு ஜலதோஷம் பிடித்தால் தொரைகூட மடுவத்துக்குள் வரமாட்டார். மழையில் குடை பிடித்து, வெளியில் நின்றபடியே பேசிவிட்டுப் போவார். ஆட்டுக்குட்டிக்கும் அவள் துடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவளுக்கு முன்னால் வந்த வெளிநாட்டுக்காரர்கள் பிள்ளையைத் தூக்கிப் போட்டோ எடுப்பார்கள், பிள்ளை மூத்திரம் பெய்தால் இறக்கிவிடுவார்கள். இவள் போட்டோவும் எடுக்கவில்லை, பிள்ளையை இறக்கவும் இல்லை.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. கண்ணேறு படாமல் இருக்கத் தாய்மார் கன்னத்தில் வைத்தனுப்பும் கறுப்புப் பொட்டை அழுக்கு என்று நினைத்துவிட்டாள். பதினான்கு பிள்ளைகளின் பொட்டையும் தேய்த்துத் தேய்த்து அழித்து, வரிசையாக உட்காரவைத்து, பெருமையோடு நின்றாள். மத்தியானம் பால் கொடுக்க வந்த தாய்மார் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"என் புள்ளைய மொட்டையா ஒக்கார வச்சிருக்காளே! ஒங்களுக்குக் கண்ணு இல்லையா ஆயாம்மா?" என்று கத்தியவள் செல்வி. அவளுக்குத் திவ்யா ஒரே பிள்ளை. இரண்டு பிள்ளை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கியது.

நான் சைகையால் விளக்கினேன். அன்றிலிருந்து மூக்கம்மா மூக்கைத் துடைத்தால், பொட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளியே கைக்குட்டை போகும். கோயிலைச் சுற்றுகிற மாதிரி அவ்வளவு பயபக்தி.

சிரிப்பு இத்தோடு சரி.

ஆடி மாதம், நல்ல மழை. பிள்ளைகள் தூங்கின. மூக்கம்மா துணி அலசக் குழாயடிக்குப் போயிருந்தாள். அடுப்புச் சூட்டில் எனக்கும் கண் அசந்தது. அரைக்கதவின் கொக்கியை நான் போடவில்லை. விழித்தபோது மூக்கம்மா திவ்யாவோடு நின்றாள். மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்து கிடந்த பிள்ளையைத் தூக்கி வந்திருந்தாள். பிள்ளையின் உதடு நீலம். மடியில் போட்டுத் தேய்த்து, அடுப்போரம் காய்ந்த சட்டையை மாட்டினாள். கன்னத்துப் பொட்டு கானோடு போயிருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றேன். எனக்கு வேலை முடிய ஏழு மாதம் இருந்தது. என் கையில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழுந்ததில்லை என்று எஸ்டேட் முழுக்கப் பேர்.

அவளுக்கு வார்த்தை விளங்கியிராது. என் முகம் விளங்கியது.

சாயங்காலம் செல்வி வந்து பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள். "திரும்பவும் யாரு அழிச்சது?"

நான் வாயைத் திறக்குமுன் மூக்கம்மா தன் நெஞ்சில் கையை வைத்துத் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் திவ்யாவுக்குக் காய்ச்சல், மூச்சு இழுப்பு. செல்வி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். மூக்கம்மா லயத்துக்கே ஓடி, "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று கதவைத் தட்டினாள். செல்வி திறக்கவில்லை. கடைசியில் நான் போனேன். எனக்குக் கதவு திறந்தது. எஸ்டேட் ஜீப்பில் குன்னூருக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர், "தண்ணில நனைஞ்சுதா?" என்று கேட்டார். செல்வி, "இல்லைங்க, கண்ணேறு" என்றாள். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மறுநாள் மடுவத்துக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. தொரை கூப்பிட்டார்.

"நீங்க சொல்லுங்க ஆயாம்மா. இந்த அம்மா மேல தப்பு இருக்கா?"

"அவுங்க பழக்கம் வேற, தொரை" என்றேன். அவளை ஊருக்கு அனுப்ப அது போதுமாயிருந்தது.

போகிற காலையில், காலி மடுவத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தாள். "பாப்பா?" என்றாள். "நல்லாருக்கு" என்றேன். உண்மையில் அப்போது திவ்யா பிழைக்குமா என்று ஆஸ்பத்திரியிலேயே தெரியாது. அவள் அதை நம்பினாள். சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள்.

பதினோராம் நாள் திவ்யா வீட்டுக்கு வந்தாள். ஏழு மாதம் கழித்து எனக்குச் சால்வை போட்டார்கள். நானும் தலையை நீட்டினேன்.

இப்போது திவ்யா ஐந்தாம் வகுப்பு. போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் செல்வி, தன் பிள்ளைக்குக் கண்ணேறு வரவழைத்த வெள்ளைக்காரி கதையைப் புது மருமகள்களுக்குச் சொன்னாள். ஒன்பது வருடமாக நானும் கூடச் சிரித்த கதை. இந்த முறை சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பேத்தியின் நோட்டில் எழுத உட்கார்ந்தேன். நாலு நாள் ஆனது.

ரம்யா கண்ணு, பாத்திரத்தை அப்புறம் கழுவலாம், இங்கே வா. அப்பாயிக்கு இதை முதலிலிருந்து வாசித்துக் காட்டு. கொக்கி போடாத இடத்தில் வேகமாகப் போய்விடாதே, நிறுத்தி வாசி. நான் எழுந்து போகப் பார்த்தால் கையைப் பிடித்து உட்காரவை. வாசித்து முடித்ததும் இரண்டு பேரும் செல்வி வீட்டுக்குப் போவோம், அங்கேயும் நீதான் வாசிக்க வேண்டும். மூக்கம்மா எனக்கு ரொம்பப் பிரியமானவள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள், கண்ணு. அதை எழுதத்தான் கை வரவில்லை.