அப்படியே இருங்க

கல்யாணத்தன்று மாமனார் அவரை ஓரமாக அழைத்துப் போய், காதோடு காதாக ஒன்று சொன்னார். "மாப்ளே, என் பொண்ணு ஒண்ணை வேணும்னு கேட்டா, தைரியமா முடியாதுன்னு சொல்லிடுங்க. ஆனா அவளே ஒண்ணை வேணாம்னு சொன்னா, அப்பதான் நீங்க..." அந்த நேரம் பார்த்துப் புகைப்படக்காரர், "ரெண்டு பேரும் இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார். பார்த்தார்கள், சிரித்தார்கள். மீதி வாக்கியம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. இப்போது கேட்கலாமென்றால் மாமனாரும் இல்லை.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அந்த மாப்பிள்ளைக்குப் பெயர் அம்பு சார். தைத்து வரும் சட்டைகளில் குறை பிடிப்பது வேலை. இடது கை வலது கையைவிட ஒரு நூல் குட்டையாக இருந்தாலும் போதும். சட்டைப்பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, உரித்து, அந்த இடத்தில் ஒட்டிவிடுவார். சட்டை திரும்பிப் போகும். தைத்தவர் முகமும் கூடவே திரும்பிப் போகும். வாரமெல்லாம் இப்படி அம்பு விட்டுக் களைத்த மனிதருக்கு, ஞாயிறு மத்தியானம் ஹால் சோபா ஒன்றுதான் அம்பில்லாத படுக்கை.

அந்தப் படுக்கைக்குத்தான் ஆபத்து வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் அவர் மனைவி, ஞாயிறுதோறும் வீட்டு ஹாலிலேயே பெரியவர்களுக்கு மனித உருவம் வரையக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். சோபா சுவரோரம் ஒதுங்கியது. அதன்மேல் வரைபலகைகள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டன. அம்பு சார் படுக்கையறைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே மத்தியான வெயில் அவருக்கு முன்பே வந்து படுத்திருந்தது.

இந்த நிலைமையில், வகுப்பில் வரைவதற்கு மாதிரியாக உட்கார்ந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், தன் மகள் வீட்டோடு போய்விட்டார்.

"என்னங்க, ஆளே இல்லாம ஆளை எப்படி வரையறது? நீங்க கொஞ்சம் உட்காருங்களேன். சும்மா அசையாம இருந்தா போதும்."

"நானா? நாலு பேர் சுத்தி உட்கார்ந்து உத்து உத்துப் பார்க்க, நான் நடுவுல பொம்மை மாதிரி கிடக்கணுமா?"

"ஞாயித்துக்கிழமைல நீங்க அப்படித்தானே கிடக்கறீங்க?"

"முடியாது. உசிரே போனாலும் உட்கார மாட்டேன்."

"சரி, விடுங்க. ஆள் கிடைக்கலைன்னா வகுப்பை மூட வேண்டியதுதான்."

மூட வேண்டியதுதான்! அவர் காதில் தேன் பாய்ந்தது. சோபாவுக்கும் இரண்டு கை உண்டல்லவா? இரண்டையும் நீட்டி அவரைக் கூப்பிட்டது. ஆனால் தானாக மூடும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? லேசாக ஒரு தள்ளு தள்ளினால் என்ன? புதிதாக வரைகிறவர்களின் மனசு பச்சை மண். நாலு அம்பு தைத்தால் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

"ஆளா உட்கார மாட்டேன். ஆனா அவங்க வரைஞ்சதைப் பார்த்துக் கருத்து சொல்றேன். குறை பார்க்கறதுதானே என் தொழில்?"

மனைவி பதறிப்போனாள். "ஐயோ, வேணாங்க! நீங்க பட்டுனு சொல்லிடுவீங்க. பாவம், புதுசா கத்துக்கறவங்க. தாங்க மாட்டாங்க."

தாங்க மாட்டார்கள்! அதுதானே வேண்டும்? சொல்லியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அப்படின்னா எங்க வகுப்புல ஒரு முறை இருக்கு" என்றாள் அவள். "முதல்ல படத்துல நல்லதா ஒண்ணு சொல்லணும். அப்புறம் ஒரே ஒரு குறை. மொத்தத்தையும் தலையில கொட்டக் கூடாது. குறை சொல்லிட்டு அப்படியே நகர்ந்துடவும் கூடாது. எப்படி இருக்கணும்னு காட்டணும்."

"காட்டிட்டாப் போச்சு" என்றார் அம்பு சார்.

வகுப்பில் மூன்று பேர். பஸ் டிரைவர், பல் டாக்டரம்மா, எதிர்வீட்டு அக்கா. முதலில் டிரைவர் தன் படத்தை நீட்டினார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் மனிதன். பார்த்ததும் அம்பு சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நல்லதா ஒண்ணு" என்று பின்னாலிருந்து மனைவி எடுத்துக்கொடுத்தாள்.

"பேப்பர்... நல்ல கெட்டியான பேப்பர்."

"ரொம்ப சந்தோஷம் சார். எனக்குக் கைதான் வரலை."

"வந்திருக்கே! மூணு வந்திருக்கு!"

டிரைவர் எண்ணிப் பார்த்தார். "ஆமா சார். ஒண்ணு பக்கத்துப் பயணியோடதா இருக்கும். கூட்ட நேரம்."

அம்பு சார் மூன்றாவது கையின்மேல் சிவப்பு அம்பை ஒட்டினார். ஒட்டிவிட்டு, டிரைவர் அழுவதற்காகக் காத்திருந்தார். டிரைவர் அழவில்லை. "இப்படிப் புட்டுப் புட்டு யாரும் சொன்னதில்லை சார்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "நிஜமா கை எங்கேருந்து கிளம்பும்? காட்டுங்களேன்."

அம்பு சார் வலது கையைத் தூக்கி, இல்லாத கம்பியைப் பிடித்தார். "தோள்லேருந்து. உங்க ஆளுக்கு இடுப்புலேருந்து கிளம்புது."

"அப்படியே இருங்க சார்!"

மூன்று பென்சில்கள் சரசரத்தன. திருத்துகிறார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். கை மரத்துப்போய், அது தன் கைதானா, டிரைவர் வரைந்த மூன்றாவது கையா என்று அவருக்கே சந்தேகம் வந்த பிறகுதான் இறக்க விட்டார்கள்.

அடுத்தது டாக்டரம்மா. "பல்லு பிரமாதம் டாக்டரம்மா, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியுது. கழுத்துதான் இல்லை."

"கழுத்து எங்க பிரிவுல வராது சார்."

"தலைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒண்ணு வேணுமில்ல? இப்படித் திரும்பினா, பாருங்க, இந்த நரம்பு..."

"அப்படியே இருங்க. வாயை மட்டும் மூடிக்கங்க. இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் நான் இப்படிக் கேட்டதில்லை."

எதிர்வீட்டு அக்காவின் படத்தைப் பார்த்து அவர் மறுபடி திடுக்கிட்டார். "சாவிக்கொத்து நல்லா வந்திருக்கு அக்கா. ஆனா இவர் குனியறாரா, ஒடிஞ்சுட்டாரா?"

"குனியறாரு தம்பி. சாவி கீழ விழுந்துடுச்சு."

"முதுகு என்ன மடிச்சு வச்ச சட்டையா, நடுவுல மடங்கறதுக்கு? வில்லு மாதிரி வளையணும். இதோ பாருங்க."

"அப்படியே இருங்க தம்பி."

அப்படியே இருந்தார். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் அப்படியே இருந்தார். மனைவிதான் வந்து தைலம் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினாள்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே? இதோட விட்டுடுங்க."

"விடுவேனா!" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்தடுத்த வாரங்களில் அவருக்கு அதிர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் ஒருவரும் ஓடவில்லை. ஒரு குறையைத் திருத்தினால் அடுத்த வாரம் புத்தம் புதிதாக இன்னொன்று முளைத்திருந்தது. முழங்கால் பின்பக்கம் மடங்கிய ஆள். உட்கார்ந்தும் உட்காராமலும் அந்தரத்தில் தொங்கிய ஆள். இடுப்புக்கு மேல் முன்பக்கமும் கீழே பின்பக்கமுமாக இருந்த ஆள். அதையும் காட்டச் சொன்னார்கள். காட்டினார். செருப்பு மாட்டும் மனிதனுக்காக, இந்தத் தடவை நிஜமாகவே ஒற்றைக் காலில் நின்றார். ஆனாலும் உள்ளுக்குள் குஷிதான். இவர்களுக்கு இந்த ஜென்மத்தில் வரைய வராது. வகுப்பு இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நூலகத்துக் கூடத்துல எங்க படங்களை மாட்டறோம். நீங்க வர வேணாங்க."

சட்டைப்பை நிறைய ஸ்டிக்கரோடு அவர்தான் முதல் ஆளாகப் போய் நின்றார்.

கதவைத் தள்ளியவர், தள்ளிய கையோடு நின்றுவிட்டார். எதிர்ச்சுவரில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தூணுக்குத் தூண் குனிந்தார், வளைந்தார், தொங்கினார், செருப்பு மாட்டினார். எல்லாப் படத்திலும் இரண்டே கை. எல்லாக் கையும் தோளிலிருந்து கிளம்பியிருந்தது. போதாததற்கு, பின்னாலிருந்து வரைந்த ஒரு படத்தில் உச்சந்தலைக்குக் கீழே வட்டமாக ஒரு வெட்டவெளி. அம்பு சார் மெல்லத் தன் பின்மண்டையைத் தடவிப் பார்த்தார். இருந்தது. எந்தக் கண்ணாடியும் இதுவரை அவருக்குச் சொல்லாத விஷயம்.

"இ... இவங்களுக்கு வரையவே வராதே!"

"நல்லா வருமே" என்றாள் மனைவி. "தப்பா வரையறதுதான் வரலை. அதுக்குத்தான் சனிக்கிழமைல தனியா பயிற்சி கொடுக்க வேண்டியதாப் போச்சு."

"மூணாவது கை என் சொந்த யோசனை சார்" என்றார் டிரைவர் அடக்கத்தோடு.

இடி போதாதென்று பின்னாலேயே புயலும் வந்தது. தொழிற்சாலை மேலாளர், குடும்பத்தோடு. "அடடே, அம்பு! இது நீங்கதானே? முகத்துல பாவம் என்னமா வந்திருக்கு!"

"ஆமா சார், பாவம்" என்றாள் மனைவி.

மேலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், எதிர்வீட்டு அக்காவின் சாவி எடுக்கும் மனிதன் முன்னால் நின்றார். "இதுதான் கொஞ்சம் ஓவர். குனிஞ்சா வயிறு இவ்வளவா தொங்கும்? அளவு தப்பு. கத்துக்குட்டி வேலை. இதைக் கழட்டிடலாமே?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அறுபது வயதில் முதல்முறையாகச் சுவரில் ஏறிய படம் அது. அவர் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கத் தொடங்கினார். எல்லோரும் அம்பு சாரைப் பார்த்தார்கள்.

அவர் கை தன்னால் பைக்குள் போனது. ஸ்டிக்கரை உரித்தது. படத்துக்கு அருகில் போய் அந்தரத்தில் நின்றது. அம்பு சார் படத்திலிருந்த வயிற்றைப் பார்த்தார். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டால் போதும், இந்த வயிறாவது ஊர்க் கண்ணிலிருந்து தப்பிக்கும். ஆனால் தப்பான சட்டையை அவர் ஒருநாளும் போக விட்டதில்லை. சரியான சட்டையை ஒருநாளும் நிறுத்தியதும் இல்லை.

"அளவு சரி சார்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான் பார்த்துட்டேன். குறை ஒண்ணும் இல்லை. வளைவு ரொம்ப நல்லா வந்திருக்கு."

"தம்பி!" என்றார் அக்கா. கைப்பையின் வாரை முறுக்குவதை விட்டார்.

மேலாளர் அம்பு சாரின் வயிற்றை ஒருமுறை நேரில் சரிபார்த்துவிட்டு, அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

டிரைவர் ரகசியமாக அம்பு சாரின் காதருகே வந்தார். "சார், அடுத்த வாரத்துக்கு ஆறு விரல் யோசிச்சு வச்சிருக்கேன். வரையட்டுமா?"

"இனிமே எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள் மனைவி. "அவருக்கும் சிரமம். தபால்காரர் மாதிரி வேற யாராவது கிடைக்கறாங்களான்னு பார்க்கறேன். " கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க பேசாம படுத்துத் தூங்குங்க. வர வேணாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் தாமே நாற்காலியில் உட்காருவது என்றும், பின்மண்டையை மட்டும் சுவர்ப் பக்கமாக வைத்துக்கொள்வது என்றும் அம்பு சார் முடிவு செய்தார்.