ரெண்டு கோட்டு மஞ்சள்

எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரியாமல் போய்விட்டது. அதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதால் என் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

நான் மேஸ்திரி. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (‘பள்ளிக்கூடம்தான் உங்களை விட்டது’ என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. அவள் டீச்சர், அப்படித்தான் பேசுவாள்.) கல் சுமந்து, கரண்டி பிடித்து, இருபத்தெட்டு வயதிலேயே சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்தவன். தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் நடந்து பாருங்கள். மழைக்கு ஒழுகாத வீடு ஒன்று கண்ணில் பட்டால் அது நான் கட்டியதாகத்தான் இருக்கும்.

ஊருக்கெல்லாம் வீடு கட்டியவன் பெண்டாட்டியை மட்டும் வாடகை வீட்டில் வைத்திருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் அது எங்கள் ஏழாவது வாடகை வீடு. வீட்டுக்காரருக்குச் சுவரில் ஆணி அடித்தால் அவர் நெஞ்சிலேயே அடித்த மாதிரி. ஸ்டெல்லா ஏசு படத்தை மூன்று வருஷமாக அரிசி டின்மேல் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஜெபம் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக, “கர்த்தாவே, ஒரே ஒரு சொந்தச் சுவர்” என்பாள். (கர்த்தர் காதில் விழுந்ததோ என்னவோ, என் காதில் விழுந்தது.)

எழுபதுகளின் நடுவில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் வீடு கட்டப் பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டால் போதும். போட்டேன். வீடும் முடிந்து கிளிப்பச்சையில் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. குடிபோக வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சர்க்கார் விழித்துக்கொண்டது. ஊர் வளர்கிறது, இனிமேல் இஷ்டத்துக்குக் கட்டக் கூடாது, எங்கே வீடு எங்கே விவசாயம் என்று புது விதி வருகிறது, ஆபீசர் வந்து விசாரிப்பார் என்று சொன்னார்கள்.

விவரம் கேட்கலாம் என்று பஞ்சாயத்து கிளார்க் கன்னியப்பனைத் தாம்பரம் ஸ்டேஷனில் பிடித்தேன். அவன் அதற்குள் ரயிலில் ஏறி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னா மேஸ்திரி, உன் எடம் பச்சைல கீதே!”

“ஆமா, சோக்கா கீதா?” என்றேன் பெருமையாக.

“இன்னா சோக்கு? பச்சைன்னா வூடு கூடாது, இட்ச்சிடுவாங்கோ! மஞ்சளா மாத்துனாத்தான் நிக்கும். செவ்வாக்கெயம ஆபீசர் வராரு, அதுக்குள்ளாற...”

ரயில் கூவிக்கொண்டு நகர்ந்துவிட்டது. மீதி வார்த்தை பல்லாவரம் பக்கம் போய்விட்டது. ‘மனு எழுது’ என்பதுதான் அந்த வார்த்தை என்று பிற்பாடு தெரிந்தது.

என்னை முட்டாள் என்று நினைக்காதீர்கள். நான் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கட்டியவன். அங்கே எல்லாச் சுவரும் ஒரே மஞ்சளாக இருக்க வேண்டும், கொஞ்சம் நிறம் மாறினாலும் திரும்ப அடிக்கச் சொல்வார்கள். சர்க்கார் நம் வீட்டுக்கும் கலர் சொல்ல ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். ஆட்களைக் கூப்பிட்டேன். சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலக்கி, ஒட்டுவதற்கு வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றி, வீடு, காம்பவுண்டு, கிணற்றுச் சுவர் எல்லாவற்றுக்கும் அடித்தேன். ஆபீசர் குற்றம் சொல்லிவிடக் கூடாதே என்று தென்னை மரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கு அடித்தேன்.

இரண்டாவது கோட்டு அடிக்கும்போது ஸ்டெல்லா வந்தாள்.

“என்னங்க இது, கண்ணு கூசுது?”

“சர்க்கார் ஆர்டர். இதெல்லாம் உனக்குப் புரியாது டீச்சர்.”

அவள் தென்னை மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பக்கம் நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். கஞ்சி போட்ட வேட்டியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சுவரில் பெரிய மேப் ஒன்று தொங்கியது. அதில் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக என்னென்னவோ. நான் அதைக் கவனிக்கவில்லை. (யாரோ பிள்ளைகள் வரைந்தது என்று நினைத்தேன்.)

ஆபீசர் என் பெயரைக் கூப்பிட்டு ஃபைலைப் பார்த்தார். “உங்க இடம் பச்சையில இருக்கே?”

“இருந்திச்சி சார். மாத்திட்டேன்.”

“மாத்திட்டீங்களா? யார் மாத்தினது?”

“நான்தான் சார்! ஆளுங்கள நம்பாம கூடவே நின்னு மாத்துனேன்.”

ஆபீசர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “கவர்ன்மென்ட் மேப்ல கை வெச்சீங்களா?”

“மேப்ல இன்னாத்துக்கு சார்? செவுத்துலதான். ரெண்டு கோட்டு. தென்ன மரத்தக்கூட வுடல சார்!”

கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. கன்னியப்பன் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுகிறவன் போலக் குனிந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்தான் மேப்பைக் காட்டி, அதில் பச்சை என்றால் விவசாயம், மஞ்சள் என்றால் வீடு என்று என் காதில் சொன்னார். நான் கட்டிய சுவர் எதிலாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆபீசர் மட்டும் சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டார். “மனு எங்கே? இன்னிக்குத்தான் கடைசி நாள். மனு இல்லேன்னா விவசாய நிலம்தான் மேஸ்திரி. வீடு நிக்காது.”

அரிசி டின்மேல் சாய்ந்திருக்கும் படம் என் கண்முன் வந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. (வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.)

“மனு இங்க இருக்கு சார்.”

பின்னால், பெண்கள் வரிசையில் ஸ்டெல்லா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே முகம் அவளுடையதுதான். அந்தத் தெருவில் எத்தனையோ வருஷமாக யாரும் நாற்று நடவில்லை, ஏரித் தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, ஏற்கெனவே வீடுகள் வந்துவிட்டன என்று மணிமணியான எழுத்தில் எழுதி, அக்கம்பக்கத்தார் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தாள்.

ஆபீசர் படித்துப் பார்த்தார். “இதை முதல்லயே குடுத்திருக்கலாமேம்மா?”

“வேலையப் பங்கு போட்டுக்கிட்டோம் சார்,” என்றாள் அவள். “சுவர் அவர் பொறுப்பு, மனு என் பொறுப்பு.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். எனக்கு வேட்டியைச் சரிசெய்ய ஒரு அவசரம் வந்துவிட்டது.

அன்று மாலையே ஆபீசர் இடத்தைப் பார்க்க வந்தார். சர்வே கல்லைத் தேட வேண்டிய வேலை அவருக்கு இல்லை, எங்கள் மஞ்சள் வீடு மெயின் ரோட்டிலிருந்தே தெரிந்தது. சில மாதம் கழித்து மேப்பிலும் எங்கள் தெரு மஞ்சளானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடிபோனோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்து நடந்து வரும்போதே அவளிடம் கேட்டேன், “ஏன் டீச்சர் முன்னாடியே சொல்லல?”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதோட, மரத்துக்கு அவ்வளவு ஆசையா அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு மனசு வரல.”

இப்போது பேரன் காரில் எங்களைச் சர்ச்சுக்கு அழைத்துப் போகிறான். கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தால் போதும், திரும்பிப் பார்த்து, “தாத்தா, எறங்கிப் போய்ப் பச்சை அடிச்சிட்டு வர்றீங்களா?” என்பான். மருமகள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவாள்.

ஸ்டெல்லா மட்டும் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அவனிடம் சொல்வாள்:

“சும்மா இருடா. அவரு அடிச்சார்னா மாறிடும்.”