ஷைனி தொங்கிய சனிக்கிழமை

"தொங்குறதுதான் தொங்குன, ஊரே பாக்க சினிமாவுலயா தொங்கணும்?"

ஜெயசீலியின் குரல் தாராவி சந்தின் மறுகோடியில் இட்லி மாவு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டது. மாவு தேவையில்லாதவர்களும் பாத்திரத்தோடு கிளம்பி வந்தார்கள்.

"சினிமா இல்லம்மா, டாக்குமென்டரி," என்றாள் மகள் ஷைனி. "அதுவும் பக்காவா கயிறு கட்டித்தான் தொங்குனேன்."

"ஆபீஸ் ட்ரெயினிங்னு சொல்லிட்டுப் போனியே, அது?"

"அதுவும் ஒரு ட்ரெயினிங்தானம்மா."

"புள்ள நல்லாத்தான ஏறியிருக்கா," என்றார் அப்பா அமிர்தநாதன், போனில் போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்தபடி.

"நீங்க சும்மா இருங்க."

விஷயம் இதுதான். மலையேறுவது, பனியில் சறுக்குவது, அருவியில் படகோடு குதிப்பது என்று உயிர்மேல் ஆசையில்லாதவர்கள் எடுத்த படங்களைச் சேர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டும் விழா ஒன்று சனிக்கிழமை மாலை மாட்டுங்காவுக்கு வருகிறது. அதில் சஹ்யாத்ரி மலையில் எடுத்த ஒரு குட்டிப் படத்துக்கு ஷைனிதான் நாயகி. போஸ்டரில் செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அதே சனிக்கிழமை மாலைதான் செம்பூர் ஸ்டெர்லின் வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஷைனிக்கு வயது முப்பது. வந்து போன வரன்களை வரிசை மாறாமல் சொல்ல சந்தில் ஆள் உண்டு. பாறையில் தொங்கும் பெண் என்று தெரிந்தால் இந்த வரனும் போய்விடும். அதற்குப் பிறகு சபையில் எந்த முகத்தோடு உட்காருவது?

"பையன் ஓகேதான்மா. ஆனா ஸ்கிரீனிங்க மிஸ் பண்ணமாட்டேன்," என்று ஷைனி முடித்துவிட்டாள்.

ஜெயசீலி போனை எடுத்து ஸ்டெர்லின் அம்மா ரெபேக்காவைக் கூப்பிட்டாள்.

"மைனி, தப்பா நினைக்காதீய. சனிக்கிழமை எங்க சபையில உபவாச ஜெபம். ஞாயித்துக்கிழமை வாங்களேன்."

"அதுக்கென்ன மைனி," என்றாள் ரெபேக்கா. "நாங்களும் ஜெபத்துக்கே வந்துருதோம்."

ஜெயசீலி போனை வைத்துவிட்டு, இல்லாத ஜெபத்தை உண்டாக்கப் பாஸ்டர் வீட்டுக்கு ஓடினாள்.

"நல்ல எண்ணம்தான்மா. என்ன காரியத்துக்காக?" என்று கேட்டார் பாஸ்டர்.

மனதில் நாலு நாளாக ஓடிக்கொண்டிருந்ததுதான் வாயில் வந்தது. "மலையில... ஆபத்துல இருக்கிற வாலிபப் பிள்ளைங்களுக்காக."

பாஸ்டர் உருகிவிட்டார். அன்றைக்கே வாலிபர் சங்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். வாலிபர் சங்கம் அவரிடம் போஸ்டரைக் காட்டியது. வழக்கமாக ஞாயிறு ஆராதனையில் செய்யும் அறிவிப்பு புதன்கிழமையே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: காலையில் உபவாச ஜெபம், மாலையில் சபையார் எல்லாரும் மாட்டுங்காவில் சகோதரி ஷைனியின் படம்.

ஜெயசீலிக்கு உபவாசம் அப்போதே ஆரம்பித்தது. ஒருவாய் சோறு இறங்கவில்லை.

கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஏங்க, ஜெபம் முடிஞ்சதும் நீங்க செம்பூர்க்காரவுகள மட்டும் மாட்டுங்கா ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. பட்டினி கிடந்த வயிறு. தோசை மேல தோசையாச் சொல்லுங்க. படம் முடியுறவரைக்கும் எழும்ப விடாதீய."

அமிர்தநாதன் சொன்னபடிதான் செய்தார். ஆனால் முதல் தோசை வருமுன்பே ரெபேக்கா எழுந்துவிட்டாள்.

"சாப்பாடு எங்க ஓடிப்போவுது அண்ணாச்சி? படம் ஆரம்பிச்சிரும். வாங்க."

அரங்கத்தில் ஒரு பக்கம் மும்பைப் புழுக்கத்திலும் ஜாக்கெட்டைக் கழற்றாத மலையேறிகள். மறுபக்கம் கஞ்சி போட்ட சேலையும் கையில் பைபிளுமாகத் தாராவிச் சபை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஜெயசீலி. அவள் பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தாள் ரெபேக்கா.

முதல் படத்தில் ஒருவன் பனிமலை உச்சியிலிருந்து சறுக்கி வந்தான். அவன் கீழே வந்து சேரும்வரை பெண்கள் சங்கம் மூச்சு விடவில்லை. அடுத்தது ஷைனி.

பாறையில் ஒரு கையால் தொங்கினாள். கால் ஒருமுறை வழுக்கியது. சங்கத்தார் மொத்தமாகச் சத்தம் போட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். இது ஏதோ தமிழ்க்கோஷம் என்று நினைத்த மராத்திப் பையன்களும் தட்டித் தாளம் போட்டார்கள். அரங்கமே அதிர்ந்தது. ஷைனி அடுத்த பிடி கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, வலது கைப்பக்கம் மேல ஒரு பொந்து இருக்கு பாரு," என்று யாரோ நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்கள்.

கத்தியது தான்தான் என்று ஜெயசீலிக்கு உறைக்க ஷைனி உச்சிக்குப் போகவேண்டியிருந்தது. மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள்.

ரெபேக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "மைனி, முதுகுல அந்தப் பை இருக்குல்லா, அது என்ன கனம் இருக்கும்?"

"கனமா? சும்மா ஷோவுக்கு மைனி. உள்ள வெறும் துணிதான்."

ரெபேக்காவின் முகம் வாடிவிட்டது.

விளக்குப் போட்டதும் ஷைனி ஓடிவந்தாள். ரெபேக்கா அதே கேள்வியை அவளிடம் கேட்டாள்.

"பதினஞ்சு கிலோ ஆன்ட்டி. கயிறு, தண்ணி எல்லாம் சேத்து."

ரெபேக்கா அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. அங்கேயே, மலையேறிகள் டீ குடிக்கும் இடத்தில் வைத்தே, "எங்களுக்குச் சம்மதம்," என்றுவிட்டாள். ஸ்டெர்லினும் ஷைனியும் அதற்குள் எந்த மலைக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

முறைப்படி மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகவேண்டும் என்றார் அமிர்தநாதன். ஜெயசீலி விடவில்லை. "போய் உக்காந்து பேசுனா அவுக யோசிக்க ஆரம்பிச்சிருவாவ. முதல்ல கல்யாணம் முடியட்டும்."

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. ஜெபத்தின் வல்லமை என்று ஜெயசீலி சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷைனி செம்பூருக்குக் குடிபோனாள்.

அடுத்த வாரம் ஜெயசீலியும் அமிர்தநாதனும் ஒரு டப்பா முந்திரிக்கொத்தோடு மகள் வீட்டுக்குப் போனார்கள். வீடு பதினாலாவது மாடி. லிஃப்ட் கதவை மறித்து யாரோ செருப்பு ஸ்டாண்டு போட்டிருந்தார்கள்.

எட்டாவது மாடிப் படியில் ஜெயசீலி உட்கார்ந்துவிட்டாள். மேலேயிருந்து ஷைனியின் குரல் வந்தது. "அம்மா, மேல பாக்காத. அடுத்த படிய மட்டும் பாரு."

அந்த மாடியில் குடியிருக்கும் மேலப்பாளையத்து மெஹராஜ் சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"லிஃப்ட் எப்பம்மா வரும்?" என்றாள் ஜெயசீலி.

"அது ஓடாம பந்த் ஆகி ரெண்டு வருஷமாச்சுக்கா," என்றாள் மெஹராஜ். "மாப்பிள்ள வீடு பாக்க வந்த எல்லாரும் இதே படியில உக்காந்து தண்ணி குடிச்சிட்டு அப்படியே இறங்கிப் போயிட்டாவ. அதுக்கப்புறந்தான் ரெபேக்காக்கா தன் மவன் போன்ல ஒங்க புள்ள பாறையில தொங்குற வீடியோவப் பாத்துட்டு, கட்டுனா இவளத்தான் கட்டணும்னு ஒங்க வீட்டுக்குத் தரகர அனுப்புனாவ."