ஒரு உரப்பை தோடம்பழத் தோல்

என் கைகளுக்கு ஒரு வருத்தம் உண்டு. சும்மா இருந்தால் அரிக்கத் தொடங்கிவிடும். பஸ்ஸில் இருந்தால் ரிக்கெட்டைச் சுருட்டி ஊதுகுழல் செய்வேன். செத்தவீட்டில் இருந்தால் தட்டத்து வெற்றிலைகளைப் பெரிது சிறிதாக அடுக்குவேன் (ஒருமுறை அடுக்கி முடித்து நிமிர்ந்து பார்த்தால் பிரேதத்தை எடுத்துக்கொண்டே போய்விட்டார்கள்). படிக்கிற காலத்தில் இதைக் கெட்டித்தனம் என்றார்கள். கல்யாணம் முடித்துக் கனகராயன்குளத்துக்கு வந்த பிறகுதான் இதன் சரியான பெயர் ஆக்கினை என்று தெரிந்தது.

நான் யாழ்ப்பாணம் ரவுணில் பிறந்து வளர்ந்தவள். கையில் ஒரு பட்டம் இருந்தது. வேலைக் கடிதம் வரும் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கணவர் ரூபன் காலையில் வவுனியாவுக்கு வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். பகல் முழுக்க வீட்டில் நானும் மாமியும்தான்.

மாமி கெட்ட மனுசி இல்லை. கோபித்தது இல்லை, குத்திக் கதைத்தது இல்லை. என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை, அவ்வளவுதான். குசினிக்குள் தலையை நீட்டினால் "நீ போய் இரு பிள்ளை" என்பா. விளக்குமாற்றை எடுத்தால் வாங்கிவிடுவா. வயலுக்கு வரவோ என்று கேட்டால் என் காலைப் பார்ப்பா, செருப்பைப் பார்ப்பா, தனியே போய்விடுவா. மூன்று மாதம் இருந்தேன். அந்த வீட்டில் நாலு கதிரைகள். எதன் எந்தக் கால் ஆடும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவையாவது மாமி என்னைப் பார்த்து "இதை நீ செய்" என்று சொல்ல வேண்டும்.

தை மாதம் அது நடந்தது. மாமியின் வலது கண்ணில் வெள்ளை படர்ந்து, ஒப்பரேசனுக்கு வவுனியாவில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே மச்சாள் வதனியின் வீட்டில் பத்து நாள் தங்கி, தைப்பூசத்துக்கு முதல் நாள் திரும்புவதாக ஏற்பாடு. தைப்பூசம் எங்கள் பக்கம் புதிர் எடுக்கிற நாள். புது நெல்லை அரிசியாக்கிச் சோறு பொங்கி, பாலும் பழமும் சர்க்கரையும் குழைத்து, வீட்டுக்குப் பெரியவர் முதல் பிடியைச் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். வயலில் முந்தி விளைந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, ஒரேயொரு மூட்டை நெல்லை மாமி இதற்காகவே எடுத்து வைத்திருந்தா. மற்றதெல்லாம் இன்னும் நின்ற பயிர்.

புறப்படுகிற அன்று மாமி என்னைக் கூப்பிட்டு அந்த மூட்டையைக் காட்டினா.

"இது புதிர் நெல்லு. நாலு நாள் நல்லாக் காயவிட்டு மில்லில குடுத்து எடு. வேற ஒண்டும் செய்யவேண்டாம். மிச்ச நேரம் சும்மா இரு."

மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஓம் மாமி" என்றேன். அவ சொன்னதில் முதல் பாதியைத்தான் என் காது வாங்கியது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நெல் காயவிடுவது பெரிய வேலை இல்லை. முற்றத்தில் படங்கை விரித்துப் பரப்பிவிட்டு, மணிக்கொரு தரம் காலால் அளைந்து கிளறிவிட்டால் சரி. ஐந்து நிமிட வேலை. மிச்சம் ஐம்பத்தைந்து நிமிடம் நான் என்ன செய்வது? முதல் நாளே நாலு தரம் முற்றம் கூட்டினேன். நல்ல முற்றம்தான், ஆனால் நாலு தரம் கூட்டுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் தேங்காய் எண்ணெய் வாங்குகிற சாட்டில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புளியங்குளம் சந்திக்கு ஓடினேன்.

சந்தியில் நஸீர் நானாவின் ஜூஸ் கடை. அந்தப் பருவத்தில் தோடம்பழம், அதுதான் ஒரேஞ்ச், மலிந்து கிடந்ததால் நானா பிழிந்து தள்ளிக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு உரப்பை நிறையத் தோல். அதைப் பார்த்ததும் என் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. ஏனென்றால் முதல் நாள்தான் போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோடம்பழத் தோலை வைத்துக் கறி, விளக்கு, பூமாலை, மெத்தைப் போர்வை என்று வீட்டையே கட்டி எழுப்பியதைப் பார்த்திருந்தேன். தோலை எனக்குத் தருவீங்களோ என்று நானாவிடம் கேட்டேன்.

"தங்கச்சி, இத மாடும் திங்காது. என்ன செய்யப்போறீங்க?" என்றார்.

நிறையச் செய்யலாம் நானா என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, மூட்டையை ஸ்கூட்டியில் கட்டியும் விட்டார்.

அன்றைக்கே குசினி என் ஆட்சிக்குள் வந்தது. தோலைப் பொடியாக அரிந்து, செத்தல் மிளகாயும் புளியும் வைத்து அரைத்து ஒரு சம்பல். இரவு ரூபன் புட்டோடு தொட்டு வாயில் வைத்து, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது சம்பலோ, இல்லாட்டித் தடிமனுக்குப் போடுற மருந்தோ?" என்று கேட்டார். மறுநாள் பாதித் தோல்களைக் கிண்ணமாக நிறுத்தி எண்ணெய் ஊற்றிப் பன்னிரண்டு விளக்குகள் ஏற்றினேன். நாலு விளக்கு சரிந்தது, மற்றவற்றைக் காகம் தூக்கியது (எண்ணெயோடு). தோலைச் சுருள் சுருளாக வெட்டி ரோசாப்பூ செய்து வாசலில் மாலை கட்டினேன். பொழுதுபடுவதற்குள் அது வாடிச் சுருங்கிப் போய், ரூபன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, யாருக்கும் கண்ணூறு கழித்தனீரோ என்று கேட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். புத்தியுள்ள எவளும் நிறுத்தியிருப்பாள். எனக்கோ போர்வை மிச்சம் இருந்தது.

ஒப்பரேசன் முடிந்து வருகிற மாமிக்கு ஒரு மணக்கிற போர்வை தைப்பது என்று முடிவு. இரண்டு நூல் சேலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கட்டம் கட்டமாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் காய்ந்த தோல் நறுக்கை நிரப்ப வேண்டும். மாமி போர்த்திக்கொண்டு, ஆகா பிள்ளை என்று சொல்லுவா. அந்த "ஆகா"வை நான் அந்தக் கிழமை எத்தனை தரம் மனதுக்குள் கேட்டேன் என்று கணக்கில்லை.

தோல் காய வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே படங்கு. அதில் பாதிக்கு நெல், பாதிக்கு நெல்லளவில் அரிந்த தோல், நடுவில் எல்லைக்கு ஒரு வரிசைச் செங்கல். இரண்டையும் மாறி மாறிக் காலால் கிளறினேன். நாலாம் நாள் மத்தியானம், அடுப்பில் சோறு கொதிக்கிற நேரம், குளத்துப் பக்கமாக வானம் கறுத்தது. நான் வாசலுக்கு வருவதற்குள் துளி விழுந்துவிட்டது.

மழை வந்தால் நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். படங்கின் நாலு மூலையையும் பிடித்து நடுவுக்கு இழுத்து மூடிவிட வேண்டும். வந்து மூன்று மாதத்தில் நான் ஊன்றிப் பார்த்துப் படித்த ஒரேயொரு வயல் வேலை அதுதான். பாய்ந்து போனேன். முதல் மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை, நாலாம் மூலை. பிழை பிடிக்க முடியாதபடி இழுத்து மூடிவிட்டு, நனைந்துகொண்டு நின்று பெருமைப்பட்டேன். செங்கல்கள் படங்குக்குள்ளே ஒன்றோடொன்று மோதி உருண்ட சத்தம் கேட்ட பிறகுதான் நான் செய்தது என்னவென்று விளங்கியது.

மழை விட்டதும் திறந்து பார்த்தேன். இனி எது நெல், எது தோல் என்று கடவுளுக்குத்தான் தெரியும். சுளகை எடுத்துப் புடைத்தேன். காய்ந்த தோல் பறந்தது, ஈரத்தோல் நெல்லோடு சேர்ந்து குந்தியிருந்தது. மேசை ஃபேனைப் போட்டுப் பார்த்தேன், பதர்தான் பறந்து என் தலையில் ஏறியது. குந்தியிருந்து கையால் பொறுக்கத் தொடங்கினேன். இரண்டு நாள் பொறுக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கை, போதும் அம்மா, விடு என்றது. கடைசியில் எனக்கு நானே ஒரு தீர்ப்புச் சொன்னேன். பெரும்பாலும் நெல்லாக இருப்பது நெல். பெரும்பாலும் தோலாக இருப்பது தோல். நெல் மில்லுக்குப் போனது, தோல் போர்வைக்குள் போனது.

மில்காரர் அரிசியை உள்ளங்கையில் போட்டு மணந்து பார்த்தார். இன்னொரு தரமும் மணந்தார். வயலுக்கு என்ன மருந்து அடித்தனீங்கள் என்று கேட்டார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போர்வை தைத்து முடிந்தபோது மண் படிந்து அழுக்காக இருந்தது. இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அலசி, பாதி வெயிலில் போட்டேன். மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்ததால், அரை ஈரத்தோடு மடித்து ஒரு பொலித்தீன் பைக்குள் கட்டி அலுமாரிக்குள் வைத்தேன். மாமி வந்து, அடுத்த நாள் புதிர் முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கொடுப்பது என்று யோசனை.

மாமி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினா, துணைக்கு மச்சாளும். குனியக்கூடாது, இருமக்கூடாது, புகை படக்கூடாது என்று ஒரு பட்டியலே கொண்டு வந்தார்கள். மாமி முதலில் கேட்டது, நெல்லு காய்ஞ்சுதோ என்றுதான். காய்ஞ்சுது மாமி என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தைப்பூசத்தன்று காலை பொங்கினேன். பானை கொதிக்கக் கொதிக்க வீடெல்லாம் நஸீர் நானாவின் கடை மணந்தது. மச்சாள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தா. சோற்றுக்கு முன்னாலேயே மாமியின் மனதை இளக்கிவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையைக் கிழித்து, போர்வையைச் சரியாகப் பாராமலே உருவி மாமியின் மடியில் விரித்தேன். உங்களுக்காகத் தைச்சனான் மாமி என்றேன்.

மாமி கையால் தடவினா. விரல் ஒரு இடத்தில் நின்றது. திரும்பித் தடவினா, நகத்தால் நுள்ளிப் பார்த்தா. நானும் அப்போதுதான் பார்த்தேன். நூல் சேலையைத் துளைத்துக்கொண்டு கட்டத்துக்குக் கட்டம் வெள்ளை வெள்ளையாக முளை வந்திருந்தது.

"இது நெல்லு முளையெல்லோ?"

"ஓம் மாமி."

"எவ்வளவு நேரம் ஊறப்போட்டனீ?"

"ஒரு ராத்திரி, மாமி."

"பிறகு?"

"பைக்குள்ள கட்டி வைச்சனான். மூண்டு நாள்."

"அப்ப முளைக்கும்தானே" என்றா மாமி.

இந்த ஊரில் விதைநெல்லை முளைகட்டுவது சரியாக இப்படித்தான். ஊறவைத்து, சாக்கில் கட்டி, மூடி வைப்பார்கள். அதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே ஒரு பிழையும் இல்லாமல் செய்திருந்தேன். ரூபன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே படங்கு, செங்கல், மழை, மில் என்று முழுக்கதையையும் கொட்டினேன். புதிர்ச் சோற்றுக்குள்ளும் தோல் கிடக்கிறது, வாயில் வைக்காதீங்கோ மாமி என்றேன். பானையோடு கொட்டிவிடத் தூக்கினேன்.

"வை அதை" என்றா மாமி.

பாலும் பழமும் குழைத்து முதல் பிடியை எடுத்து வாயில் வைத்தா. மென்றா. நாங்கள் மூன்று பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு தோள் குலுங்கியது. மாமி சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் என்னை அடிக்க ஓங்கிக்கொண்டு சிரித்தா.

"என்னைச் சிரிக்கப்பண்ணாதை, கண் தையல் விட்டுப்போகும்" என்றா. மூச்சு வாங்கியது. "சும்மா இரு எண்டுதானே பிள்ளை சொன்னனான். அந்த ஒரு வேலை மட்டும் உனக்கு வராது போல." பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னா. "எனக்கு ரெண்டு மாசத்துக்குப் புகை ஆகாது. நாளையில இருந்து குசினியை நீ பார். தோல் மட்டும் போடாதை."

அந்தக் கசப்புச் சோற்றை நாலு பேரும் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டோம். முளைத்த நெல்லை எறியக்கூடாது என்று மாமி சொன்னதால், போர்வையைக் கிணற்றடி ஈரத்தில் ரூபன் விரித்து மண் தூவினார். சித்திரையில் அங்கே முழங்கால் உயரத்துக்குப் பச்சை நின்றது. அயல்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன இனம் நெல்லு என்று கேட்டால், மாமி முகத்தை மாற்றாமல் "நூல் சேலை" என்பா. பாதியைப் புறா தின்றது. மிச்சத்தில் இரண்டு கைப்பிடி நெல் கிடைத்தது.

எனக்கு வேலைக் கடிதம் வந்தது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், மாமியின் இடது கண்ணும் ஒப்பரேசன் முடிந்தது. கதை மட்டும் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு விதைப்புக்கும் மச்சாள் வவுனியாவில் இருந்து போன் எடுத்து, இந்த முறை எத்தனை போர்வை விதைப்பு என்று கேட்பா. நஸீர் நானா என்னைக் கண்டால் உரப்பையை மறைத்து வைக்கிறார்.

என் கை மட்டும் திருந்தவில்லை. நேற்றும் முற்றத்தில் எலுமிச்சந்தோல் காயப் போட்டிருந்தேன் (எதற்கு என்று இன்னும் யோசிக்கவில்லை). மாமி மெதுவாக வந்து குந்தி, இரண்டு கையாலும் அளைந்து அளைந்து பார்த்தா. இப்போது அவவுக்கு இரண்டு கண்ணும் வடிவாகத் தெரியும். ஆனாலும் தடவித்தான் பார்ப்பா.

"நெல்லு இல்லைத்தானே?" என்று கேட்டா.

"இல்லை மாமி."

"பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்து அங்கேயே காவலுக்கு இருந்துவிட்டா.