விருந்தாளியின் நிறை

வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும் உறவினர், வந்ததைவிட மெலிந்து திரும்பக் கூடாது. இது எல்லாக் குடும்பங்களும் ஒப்புக்கொண்ட கொள்கை. மெலியவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்ற இடத்தில்தான் மற்றக் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. எங்கள் குடும்பம் விடவில்லை.

காரணம், எங்களுடையது கிராணிகளின், அதாவது குமாஸ்தாக்களின் குடும்பம். யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்த எங்கள் ஆட்களில் ஒருவராவது மண்வெட்டி பிடித்ததில்லை. எல்லாரும் பேனா பிடித்தார்கள். குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்ட பிறகு, எந்த டிப்பார்ட்மென்ட் என்று கேட்கும் குடும்பம்.

என் பெரியம்மா பூரணத்தின் கணவர் கதிரவேலு, கோலசிலாங்கூருக்கு வெளியே ஒரு தென்னந்தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவுபசாரத்தில் அவருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுக்கத் தோட்டத்துரை தயாராக இருந்தார். பெரியப்பா வேண்டாம் என்று சொல்லி, கொப்பரை நிறுக்கும் பழைய தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தராசு அவர் வீட்டுக் கார் போர்ச்சில் நின்றது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எழுபத்தைந்தாம் வருடம் என் அண்ணன் உமாபதி யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து, பெரியப்பா வீட்டிலும் உலு யாமில் இருக்கும் பெரியம்மாவின் தம்பி தர்மலிங்கம் மாமா வீட்டிலும் மாறி மாறித் தங்கிவிட்டு ஊர் திரும்பினான். அவனைக் கண்டதும் என் அம்மா, "என்ர பிள்ளையை எலும்பும் தோலுமா அனுப்பிப்போட்டினம்" என்றாள். கப்பலில் அவன் வழிநெடுக வாந்தி எடுத்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சொல் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. மெலிந்தது எந்த வீட்டில்? பெரியப்பா உலு யாம் என்றார். மாமா கோலசிலாங்கூர் என்றார். இரண்டு வருடம் பேச்சில்லை. கடைசியில் சமாதானம் ஏற்பட்டபோது ஒரு விதியும் ஏற்பட்டது: இனிமேல் விருந்தாளியை வந்த அன்று நிறுப்பது; ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குக் கைமாறும்போதும் நிறுப்பது. எந்த வீட்டில் குறைகிறதோ, அந்த வீடு குற்றவாளி.

இது எதுவும் தெரியாமல்தான் எண்பத்திரண்டில் நான் வந்து இறங்கினேன். கணவர் கப்பலில் வேலை. கையில் தர்சினி, தவழத் தொடங்காத வயது. சுபாங் விமான நிலையத்தில் பெரியப்பா நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு நின்றார். அரசாங்க அலுவலகங்களில் எல்லாரும் பெயர் குத்த வேண்டும் என்று அப்போது உத்தரவு வந்திருந்த காலம். ஓய்வு பெற்றவருக்கு அந்த உத்தரவு பொருந்தாது. ஆனால் நல்ல உத்தரவு ஒன்று தன்னைத் தொடாமல் வீணாகப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் பெரியம்மாவின் சேலையிலும் ஒன்று: 'பூரணம், சமையல்.' கலியாணமாகி முப்பது வருடத்துக்குப் பிறகாவது அவருக்கு மனைவியின் பெயர் மறக்காமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு 'தாய்.' தர்சினிக்கு 'வருகையாளர்.'

தோட்டத்துக் கொப்பரைக் கொட்டகையில் நிறுவை பார்த்த சேது, போர்ச்சில் தயாராக நின்றான். தர்சினியைத் தராசில் வைத்து, காத்தி என்ற பழைய தோட்டத்து அளவில் நிறையை உரத்துக் கூவினான். பெரியப்பா, "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொன்வென்ட் சிஸ்டர்மார் பழக்கிய பழக்கத்தில் அதை விழுங்கிவிட்டேன்.

முதல் வாரம் சாப்பாட்டுக்குக் குறையில்லை. நான் மூச்சு விடும் இடைவெளியில் பெரியம்மா புட்டு வைத்தாள். இரண்டாம் வாரம் வியாழக்கிழமை காலையில் தர்சினிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் துணி மாற்றி முடியவில்லை.

"பெரியப்பா, பிள்ளைக்கு வயித்தால போகுது. டொக்டரிட்டக் காட்டவேணும்."

"மெல்லக் கதை, பிள்ளை. எங்கட வீட்டில இதுவரைக்கும் ஒரு விருந்தாளிக்கும் வயித்தால போனதில்லை."

"இப்ப போகுது, பெரியப்பா."

"அதைத்தான் சொல்லுறன். முன்னுதாரணம் இல்லை. முன்னுதாரணம் இல்லாத விசயத்தில அவசரப்படக் கூடாது."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு நிலைமையை விளக்கினார். டொக்டரிடம் போனால் அவர் தேதி போட்டு, நிறை பார்த்து, கார்டில் எழுதுவார். எழுதிய பிறகு அது கோலசிலாங்கூர்க் குறை. எந்தக் காலத்திலும் அழிக்க முடியாது. சனிக்கிழமை காலை நானும் பிள்ளையும் உலு யாமுக்குக் கைமாறுகிறோம்.

"சனிக்கிழமைக்குப் பிறகு என்ன வந்தாலும் அது உலு யாம் வருத்தம். ரெண்டு நாள்தானே? பிள்ளைக்குச் சொல்லு, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி."

டவுன் மூன்று மைல். கார்ச் சாவி பெரியப்பாவின் இடுப்பில். கையில் இந்த ஊர்க் காசு ஒரு வெள்ளிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குப் பயம். பிள்ளைக்காகப் பயம், பெரியப்பாவுக்குப் பயம், பயப்படுகிறேன் என்று யாரும் கண்டுபிடித்துவிடுவார்களோ என்றும் பயம். கொதித்தாறிய தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினேன். குடித்ததைவிட அதிகமாகப் போனது. வெள்ளிக்கிழமை காலை அவள் கண்கள் உள்ளே போயிருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

"நல்ல குணமான பிள்ளை," என்றாள் பெரியம்மா. "அழுதாலும் கண்ணீர் விடுறேல்லை."

நான் போய்ப் பெரியப்பா முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்தாரோ, பிள்ளையின் நிறையை மனதில் கணக்குப் போட்டாரோ, எழுந்துபோய் உலு யாமுக்கு டெலிபோன் சுற்றினார்.

"தர்மு! நீ பிள்ளையைப் பாக்க ஆசையா இருப்பாய் எண்டு ஒரு நாள் முந்தித் தரலாம் எண்டு நினைக்கிறம். வந்து எடு."

தர்மலிங்கம் மாமாவும் கிராணிதான், ரெயில்வேயில். அத்தான் ஒரு பொருளை ஒரு நாள் முந்தித் தருகிறார் என்றால் பொருளில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. யோகாம்பாள் மாமியையும் கோலாலம்பூரில் வாங்கிய குளியலறைத் தராசையும் டட்சனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மாமி அப்போது வீடியோ போட்டு ஏரோபிக்ஸ் செய்து மெலிந்துகொண்டிருந்தாள். விருந்தாளி ஏறவேண்டிய வீட்டில் வீட்டுக்காரி இறங்கிக்கொண்டிருந்தாள். அவளை நிறுக்க விதியில் இடமில்லை.

பெரியம்மா உள்ளேயிருந்து தர்சினியைக் கொண்டுவந்தாள். கோலசிலாங்கூர் வெயிலில் பிள்ளைக்கு இரண்டு கம்பளிச் சட்டை, தொப்பி, காலுறை, கழுத்தில் மூன்று பவுண் சங்கிலி.

"மச்சாள், இது பிள்ளையோ, நகைக்கடையோ?" என்றாள் மாமி.

"விருந்துக்கு வந்த பிள்ளையை வெறுங்கழுத்தா அனுப்புறதே?"

"அலாமா! எல்லாத்தையும் கழட்டுங்கோ லா," என்றார் மாமா. "வெறும் பிள்ளைதான் கணக்கு."

கழற்றக் கழற்றப் பிள்ளை சிறிதாகிக்கொண்டே போனாள். கடைசியில் தராசுத் தட்டில் கிடந்தது என் கைக்கே தெரியாத ஒரு பிள்ளை. நிறுக்க வரவழைத்திருந்த சேது, தராசுக் கோலின் குண்டைப் பின்னுக்கு நகர்த்தினான். நகர்த்தினான். இன்னும் நகர்த்தினான். அவன் வாய் திறக்கும் முன், எல்லார் கண் முன்னாலும், தர்சினிக்குத் தட்டிலேயே போய்விட்டது.

"இந்தக் குறை கைமாறமுந்தி நடந்தது," என்றார் மாமா உடனே. "கோலசிலாங்கூர்."

"நீ சட்டையைக் கழட்டச் சொன்னதாலதான் பிள்ளைக்குக் குளிர் பிடிச்சது. உலு யாம்."

"ஐயா," என்றான் சேது பணிவாக, "நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். கொப்பரைக்கு ஈரக் கழிவுன்னு ஒண்ணு போடுவோம்ல? சரக்கு ஈரமா இருந்தா அதுக்குத் தனிக் கழிவு. இதுவும் ஈரந்தானே? அதைக் கழிச்சுட்டா ரெண்டு பக்கமும் பாதகம் இல்ல."

இரண்டு பேரும் யோசித்தார்கள். உண்மையாகவே யோசித்தார்கள். ஈரம் எத்தனை விழுக்காடு என்று பேச்சு ஆரம்பித்தது. மாமா தன் குளியலறைத் தராசைப் பக்கத்தில் வைத்தார். அது கிலோவில் வேறொன்று காட்டியது. எது சரி என்று பார்க்கப் பெரியப்பா அதில் ஏறி நின்றார். நான் தர்சினியைத் தூக்கித் துடைத்தேன். அவள் அழவில்லை. அழ வேண்டிய நேரத்தில் அழாமல் என் தோளில் தலையைப் போட்டாள். அந்தத் தலையின் பாரம் எந்தத் தராசிலும் விழாத பாரம்.

அப்போது என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அதட்டவும் இல்லை, அழவும் இல்லை. சிஸ்டரிடம் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டேன்.

"பெரியப்பா, இந்த வீட்டுக்கும் உலு யாமுக்கும் நடுவில, ரோட்டில, பிள்ளை ஆற்ர கணக்கு?"

பெரியப்பா தராசிலிருந்து இறங்கினார். "ஒருத்தற்ர கணக்கும் இல்லை. போக்குவரத்தில் உள்ளது."

"அப்ப ரோட்டில ஒரு டொக்டரிட்டக் காட்டினால், குறை எந்த வீட்டுக்கும் வராதுதானே?"

மாமா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மாமாவைப் பார்த்தார். விதி போட்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டினார்கள்.

"ஒழுங்கான வழி," என்றார் பெரியப்பா. "காரை எடு, தர்மு."

ஒருவரை நம்பி ஒருவர் விடமாட்டார் என்பதால் இரண்டு பேரும் காரில் ஏறினார்கள். கோலசிலாங்கூர் டவுன் எல்லையைத் தாண்டும் வரை எந்தக் கிளினிக் முன்னாலும் நிறுத்தப் பெரியப்பா சம்மதிக்கவில்லை. உலு யாம் போகும் வழியில் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு சின்னக் கிளினிக். உள்ளே இருந்தது ஒரு பெண் டொக்டர். தர்சினியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது.

"ஏம்மா, நேத்தே கொண்டு வர்றதுக்கு என்ன? உடம்புல தண்ணியே இல்ல. யாரு வீட்டுல தங்கியிருக்கீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். பெரியப்பாவின் கை மெல்ல எழுந்து நெஞ்சில் இருந்த பெயர்ப்பட்டையை மறைத்தது.

"ரோட்டில, டொக்டர்," என்றார் மாமா.

சொட்டுச் சொட்டாக மருந்துத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த செபங்களையும் தேவாரங்களையும் கலந்து, எந்தச் சாமிக்கு எது என்று பிரிக்காமல் சொன்னேன். பின்னேரம் ஆகும்போது தர்சினி ஊசி குத்திய கையைப் பார்த்து வீறிட்டு அழுதாள். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வழிந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

இரண்டு நாள் கிளினிக்கிலேயே வைத்திருந்தார்கள். புறப்படும் அன்று நர்ஸ் பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஏறியிருக்கு" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெளியே வாங்குப் பலகையில் இருந்த இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள்.

"ஏறினது எங்கட பக்கம்," என்றார் பெரியப்பா. "புறப்பட்டது எங்கட வீட்டில இருந்து."

"போய்ச் சேருற இடம் எங்கட வீடு லா, அத்தான்."

பாதிப் பாதி என்று முடிவாயிற்று. கிளினிக்குக்குப் பங்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

உலு யாமில் எனக்கும் தர்சினிக்கும் குறையில்லை. மாமி ஏரோபிக்ஸுக்காகச் சாப்பிடாமல் விட்டதையெல்லாம் எங்களுக்குப் போட்டாள். நான் ஊருக்குப் புறப்படும் முன்னால் ஒரு பெரிய விருந்து வைத்தார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். நண்டுக் கறி. பெரியப்பா மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். மற்ற வீட்டில் குறைத்துச் சாப்பிட்டால் அது தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அவமானம் என்று அவருக்கு ஒரு கொள்கை. கையலம்பிக் கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்தது. வேர்த்துக் கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார்.

"தர்மு... டொக்டரிட்டக் கொண்டுபோ..."

மாமா தன் மனைவியைப் பார்த்தார். மனைவி கறிச்சட்டியைப் பார்த்தாள்.

"அத்தான், எங்கட வீட்டில இதுவரைக்கும் ஒரு விருந்தாளிக்கும் இப்பிடி வந்ததில்லை. முன்னுதாரணம் இல்லையே?"

"நான் விருந்தாளி இல்லையடா!"

"எங்கட வீட்டுச் சோறு சாப்பிட்டியள். விருந்தாளிதான்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். போக்குவரத்துச் சட்டத்தைக் கண்டுபிடித்தவள் என்ற முறையில் குடும்பத்தில் எனக்கு இப்போது ஒரு மதிப்பு இருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும். கார் வாசலிலேயே நின்றது. நான் தர்சினியை இடுப்பில் சரிசெய்துகொண்டு, மிகவும் பொறுப்பாக ஒரு கேள்வி கேட்டேன்.

"பெரியப்பா, வரேக்க உங்களைத் தராசில ஏத்தி நிறுத்தவையோ?"

பெரியப்பாவின் முகத்தில் வலி இருந்தது. அந்த வலியையும் மீறிக்கொண்டு ஒரு பெருமை வந்தது.

"கேட்டியே, தர்மு? முறை தெரிஞ்ச பிள்ளை. எங்கட வீட்டுப் பயிற்சி."

"உங்கட வீடோ? அங்க இருக்கேக்க அவள் வாய் திறந்தவளோ? உலு யாமுக்கு வந்த பிறகு படிச்சது."

"போர்ச்சில வைச்சே கேட்டவள்! கைமாறமுந்தி!"

"சட்டை கழட்டின பிறகு!"

என்னைப் பழக்கியது எந்த வீடு என்ற விசாரணை அப்படியே நீண்டது. தீர்ப்பு எப்படி வருகிறது என்று பார்க்க நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கார்ச் சாவி ஆணியில் தொங்கியது. என் மடியிலிருந்த தர்சினி மட்டும் அதைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.