பூமாலை மாமாவின் சாவுக்கு நான் போயிருந்தேன்

ஞாபகசக்தி வகுப்புகளால் பலன் உண்டா என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பலன் உண்டு. பயப்படும் அளவுக்கு உண்டு.

நான் தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியன். இலக்கண விதியெல்லாம் தூக்கத்திலும் வரும். மனிதர்களின் பெயர் மட்டும் வராது. கொழுந்தியாள் கல்யாணத்தில், நல்லம்பள்ளியிலிருந்து வந்த என் மனைவி செல்வியின் பெரியப்பாவை மண்டப வாசலில் கும்பிட்டு, "வாங்க கோவிந்தசாமி மாமா" என்று வரவேற்றேன். அவர் பெயர் பூமாலை. கோவிந்தசாமி என்பவர், வரப்புத் தகராறில் அவர் மேல் கேஸ் போட்ட பக்கத்து நிலத்துக்காரர். மாமா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

"ஊரே பூமாலைன்னு கூப்பிடுது. உங்களுக்கு மட்டும் அது வாய்ல வரலைங்களா?" என்றாள் செல்வி. அடுத்த வாரமே மூன்று நாள் ஞாபகசக்திப் பயிற்சியில் சேர்ந்தேன்.

ஒரு ஜவுளிக்கடை மாடியில் வகுப்பு. கூடவே ஒரு டப்பா வல்லாரை லேகியம் கொடுத்தார்கள். (அது வேலை செய்தது வயிற்றில் மட்டும்தான்.) பயிற்சியாளர் கறுப்புக் கோட்டு போட்ட ஒல்லி மனிதர். கண்ணை மூடிக்கொண்டேதான் பேசுவார்.

"பேரைப் படமா மாத்துங்க. சாதாரணப் படம் மறந்துடும். பயங்கரமா இருக்கணும். வாசனை சேருங்க, அழுகுரல் சேருங்க. நீங்களும் அந்தப் படத்துக்குள்ள போய் நில்லுங்க."

பூமாலை மாமாவின் கழுத்தில் மாலை போட்டுப் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பத்து நிமிடத்தில் மறந்துபோனார். கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைத்தேன். மனசில் நின்றுவிட்டார். சாமந்தி வாசனை, ஊதுவத்திப் புகை, மூக்கில் பஞ்சு, தலைமாட்டில் அத்தையின் அழுகை, கண்ணாடியின் உட்பக்கம் ஊர்ந்துகொண்டிருந்த ஒரே ஒரு ஈ. கால்மாட்டில் நான். தினமும் காலையில் பல் துலக்கும்போது இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மாதம் விடாமல் ஓட்டினேன். (அவ்வளவு நல்ல மாணவன்.)

அரையாண்டுத் தேர்வு வந்தது, நான் பயிற்சியை விட்டேன். படம் என்னை விடவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் சாமந்தி வாசனை வரும். சாப்பாட்டில் ஈ உட்கார்ந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவேன். இதெல்லாம் நானாகச் சேர்த்தது என்கிற ஒன்று மட்டும் எனக்கே தெரியாமல் எங்கோ உதிர்ந்துபோனது.

ஒரு சனிக்கிழமை, செல்வி ஓசூரில் தங்கை வீட்டில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பூக்கடையைத் தாண்டும்போது சட்டென்று நின்றேன். பூமாலை மாமா போய்ச்சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதே! சாவுக்குப் போய் நின்றவன், அதற்குப் பிறகு அத்தையை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையே! (பெயர் பிசகாமல் வந்ததில் கொஞ்சம் பெருமை வேறு.) அவர் படத்துக்குப் போட ஒரு மாலை வாங்கிக்கொண்டு நல்லம்பள்ளி பஸ் ஏறினேன்.

உச்சி வெயில். தெருவில் ஓர் ஆள் இல்லை. வீட்டு வாசலில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். அத்தை கண் சிவந்து, பக்கத்து வீட்டு அம்மாவோடு உட்கார்ந்திருந்தார்.

"மனசத் தேத்திக்கோங்க அத்தை."

"எப்படிங்க மாப்ள தேத்திக்கறது? நல்லாத்தான் தின்னுட்டு இருந்துச்சு. திடீர்னு கால மடக்கிப் படுத்துச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள கண்ணு சொருகிப் போச்சு."

புருஷனை 'படுத்துச்சு' என்கிறாரே என்று எனக்குள்ளிருந்த தமிழாசிரியன் திடுக்கிட்டான். துக்கத்தில் திணை மயங்கும் என்று அவனை அடக்கினேன்.

"வயசும் ஆச்சு இல்லைங்களா."

"என்ன வயசுங்க? ரெண்டே கன்னுதான் போட்டிருக்குது."

வீட்டுக்குள் இருட்டில் ஏதோ அசைந்தது. முதலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. பிறகு நிலைப்படியில் வந்து நின்றார் பூமாலை மாமா.

"வாங்க மாப்ள. மாட்டுக்கா மாலை வாங்கியாந்தீங்க? நேத்தே பொதைச்சாச்சுங்களே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நான் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சைக் காணோம்.

"மாமா, நீங்க செத்துட்டீங்க" என்றேன்.

பக்கத்து வீட்டு அம்மா எழுந்து விறுவிறுவென்று போய்விட்டார். மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"எப்பங்க மாப்ள?"

"போன மாசங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"கால்மாட்டுலதான் நின்னேனுங்க."

அத்தை என் கையிலிருந்த மாலையைப் பிடுங்கிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு, சுற்றிப்போட உப்பும் மிளகாயும் எடுக்கக் கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புத்தி தெளிந்தது. வகுப்பு, கறுப்புக் கோட்டு, கண்ணாடிப் பெட்டி என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

ஆறு மாதம் அந்த வீட்டிலிருந்து பேச்சில்லை. "முன்னாடி பேரை மட்டும்தான் மறந்தீங்க. இப்ப ஆளையே கொன்னுட்டீங்க" என்றாள் செல்வி. பிறகு ஒரு விசேஷத்தில் மாமாவே இதைச் சொல்லிச் சிரிக்க, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வாய்க்கும் அவல் கிடைத்தது. இன்றும் நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், "மாப்ள, நாங்கெல்லாம் உசுரோட இருக்கறோமுங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை.

ஆனால் கூட்டம் கலைந்ததும் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்வார். "மாப்ள, அன்னிக்கு யாரெல்லாம் வந்திருந்தாங்க?" சிரிக்காமல்தான் கேட்பார். நானும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். போன பொங்கலன்று குரலைத் தாழ்த்தி, "எம்பட மூத்தவன் வந்தானுங்களா?" என்றார். அந்த மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூர் போனவர். வருடக்கணக்கில் போன்கூடக் கிடையாது.

கண்ணை மூடித் தேடினேன். பெட்டியைச் சுற்றி எங்கேயும் அவர் இல்லை.

"வந்தாருங்க மாமா. மொத ஆளா வந்தாரு."

மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நான் சொன்னது பொய். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இப்போது கண்ணை மூடினால் அந்த மகன் அங்கே நிற்கிறார். நீலச் சட்டை. பயணத்தில் கசங்கியிருக்கிறது. சட்டைப்பையில் பஸ் டிக்கெட் துருத்திக்கொண்டு தெரிகிறது.